‘நல்லா இருக்கும்மா’

எங்கள் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு ஆவணப்படம் எடுத்துக் கொடுத்தால்தான் பட்டம். படத்தில் வரும் பின்னணிக் குரலின் தமிழைத் திருத்தித் தருவதற்கென்று தமிழ்த்துறையிலிருந்து ஒருவரைத் துணை வழிகாட்டியாகப் போடுவார்கள். ஒற்றுப்பிழை பார்ப்பது என்பதுதான் அந்தப் பதவியின் நடைமுறைப் பொருள். அப்படித்தான் அவளுடைய படம் என்னிடம் வந்தது. தாமிரபரணிக்கு வடக்கே, பீடி சுற்றியே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஊர்களில் ஒன்று அவள் ஊர். படம் அந்த ஊர்ப் பெண்களைப் பற்றியது. அதில் அவள் அம்மாவும் உண்டு. அவள் பெயரையோ ஊரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

முதல் வெட்டு 34 நிமிடம் ஓடியது. துறையின் திரையிடல் அறையில் மாணவர்கள், ஆசிரியர்கள், வெளியிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் ஒருவர் என்று உட்கார்ந்து பார்த்தோம். விளக்குப் போட்டதும் கருத்துத் தாள் வந்தது. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, உள்ளடக்கம், ஒட்டுமொத்தம் என ஐந்து கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை வட்டமிட வேண்டும். கடைசியில் ‘வேறு கருத்துகள்’ என்று இரண்டு கோடு. நானும் வட்டமிட்டேன். பெரும்பாலும் 4. நாலு போட்டால் யாருக்கும் மனவருத்தமில்லை.

மதிப்பீட்டாளர் தாளில் எழுதுவதோடு நிறுத்தவில்லை, எழுந்து பேசினார். கெட்ட மனிதரல்ல. படத்தை உட்கார்ந்து முழுக்கப் பார்த்தவர் அவர். அவருடைய குறை இதுதான்: படத்தில் சோகம் போதவில்லை. பெண்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள், ஒருவரையொருவர் கேலி செய்கிறார்கள், இப்படி இருந்தால் பார்ப்பவனுக்கு எப்படி மனம் இளகும்? பின்னணி இசை சேர்க்க வேண்டும். விரல்களை அண்மைக் காட்சியில் மெதுவாக ஓடவிட வேண்டும். தொழிலாளர் எண்ணிக்கை, நோய்ப் புள்ளிவிவரம் எல்லாம் எழுத்தாகத் திரையில் வர வேண்டும். அவள் நோட்டில் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாள். பத்து நாளில் அடுத்த வெட்டோடு வந்தாள். அதில் புல்லாங்குழல் இருந்தது. விரல்கள் தண்ணீருக்குள் அசைவதுபோல் அசைந்தன. எனக்கு அந்த மெதுவோட்டக் காட்சி பிடித்திருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கவிதை எழுதுகிறவர்களுக்கு அசைவை நிறுத்திப் பார்க்கிற ஆசை உண்டு.

பார்வையாளர் கருத்தைக் கேட்டுப் படத்தைத் திருத்துவது என்றால் பாடத்திட்டத்தில் அதற்குப் பொருள் இவ்வளவுதான். ஓர் அறையில் காட்டு, தாளை வாங்கு, பெரும்பான்மை சொன்னதைச் செய். யாருடைய கருத்து, அந்தக் கருத்தைச் சொல்ல அவருக்கு எப்படி வாய்த்தது, சொல்லாமல் போனவர் யார் என்ற கேள்விகளுக்கு அதில் கட்டம் இல்லை.

தமிழ் படித்தவளுக்கு இது புதிய விஷயமும் அல்ல. அவைக்கு முன் நூலை வைத்து ஒப்புதல் வாங்குவதை அரங்கேற்றம் என்றோம். அதற்கு முன்னால் அவையடக்கம் பாடினோம். என் பிழையைப் பொறுத்தருள்க என்று கவிஞன் குனிகிற அந்தப் பாட்டுகளை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும்: இவன் உண்மையிலேயே பிழை கேட்கத் தயாராக இருக்கிறானா, இல்லை குனிவதே ஒரு நிமிர்வா? ஆனால் ஒரு கதை மட்டும் என்னை விட்டுப் போவதில்லை. இறையனார் அகப்பொருள் உரையில் வருகிறது. சூத்திரம் 60க்கும் சங்கப் புலவர்கள் ஆளுக்கொரு உரை கண்டார்கள். எது மெய்யுரை என்று தீர்க்க அவர்களால் ஆகவில்லை. கடைசியில் உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது மூங்கைப் பிள்ளையை மேலே உட்காரவைத்து, கீழே இருந்து ஒவ்வொருவராக உரை சொன்னார்கள். பேச்சு வராத பிள்ளை. மருதன் இளநாகனார் உரைத்தபோது சில இடங்களில் அவனுக்குக் கண்ணீர் வந்து மெய்ம்மயிர் சிலிர்த்தது. நக்கீரர் உரைத்தபோது பதந்தோறும் வந்தது. அதுவே மெய்யுரை என்று கொண்டார்கள்.

புனைகதைதான். நக்கீரர் உரைக்கு உயர்வு சேர்க்கச் செய்த கதையாகவே இருக்கட்டும். ஆனால் பார்வையாளரைப் பற்றி இதைவிடக் கூர்மையான ஒன்றை நான் படித்ததில்லை. அத்தனை புலவர்களும் வாய் உள்ளவர்கள், ஆளுக்கொரு கட்சி வைத்திருப்பவர்கள். தீர்ப்புச் சொன்னது பேசாத ஓர் உடம்பு. (மூன்றாம் சங்கத்தார் என்று அந்த உரை பெயர் சொல்கிறவர்களில் ஔவையின் பெயர் இல்லை. வாயுள்ள பெண்ணுக்கு அங்கே இடமிருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நடத்துகிறேன்.)

இந்தக் கதையை அவளிடம் சொன்னேனே தவிர, அதை வைத்து என்ன செய்யலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கண்டுபிடித்தவள் அவள்.

ஊரில் முதல் திரையிடலை ஞாயிறு மாலை சமுதாய நலக்கூடத்தில் வைத்தாள். வேட்டியைக் கட்டித் திரையாக்கி, கல்லூரி புரொஜெக்டரை வைத்து, ஒழுங்காகத்தான் ஏற்பாடு செய்தாள். நானும் போயிருந்தேன். போட்டிருந்த நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பின்சுவரோரம் நின்றார்கள், பாதிப் பேர் வாசலுக்கு வெளியே. படம் முடிந்ததும் மூன்று ஆண்கள் பேசினார்கள். ஒருவர் கம்பெனி, யூனியன், மத்திய அரசு என்று சுற்றிவந்து கால்மணி நேரம் பேசினார். படத்தைப் பற்றி அதில் ஒரு வாக்கியம்கூட இல்லை. (இதைக் கிராமத்துக் குறை என்று யாரும் நினைக்க வேண்டாம். ‘திரையிடலும் கலந்துரையாடலும்’ என்று அழைப்பிதழ் போட்ட எத்தனையோ நகரத்துக் கூட்டங்களில், கேள்வி கேட்கிறேன் என்று ஒலிவாங்கியை வாங்கியவர் கேள்வியே இல்லாமல் பேசி முடித்து உட்கார்வதைப் பார்த்தவர்கள்தானே நாம்.) இன்னொருவர், ஊரில் மரியாதைப்பட்டவர், “நம்ம ஊர்ப் பொம்பளையள நைட்டியோட காட்டி மானத்த வாங்காத தாயி, அதையெல்லாம் எடுத்துரு” என்றார். பெண்களிடம் அவள் கேட்டாள். “நல்லா இருக்கும்மா” என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள்.

‘நல்லா இருக்கும்மா’ என்பது ஒரு கருத்து அல்ல. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் சொல்வது. இங்கே வைத்து என்னிடம் எதுவும் கேட்காதே என்று பொருள். அந்த வாசலில், கணவனும் மைத்துனனும் மாமனாரும் உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளின் முதுகைப் பார்த்தபடி, ஒரு பெண் வேறென்ன சொல்லிவிட முடியும்? துறைத் தாளில் நான் போட்ட 4ம் ஏறக்குறைய இந்த ‘நல்லா இருக்கும்மா’தான். பயத்தால் அல்ல, சோம்பலால் சொன்னது.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும்போது அவள் சொன்னாள்: “மேடம், சாயங்காலம் ஆறு மணி எங்கம்மாவுக்கு உலை வைக்கிற நேரம். படம் பாக்குத நேரமில்ல.”

அடுத்த திரையிடல் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு வீட்டுத் தார்சாவில். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் வழக்கம்போலக் கூடி உட்கார்ந்து பீடி சுற்றுகிற நேரம், இடம். டிவியில் பென் டிரைவைச் செருகினாள். மடியில் பீடித்தட்டோடு ஒன்பது பேர். சாயங்காலத்துக்குள் கடைக்குக் கொண்டுபோக வேண்டிய எண்ணிக்கை இருந்ததால் யாரும் கையை நிறுத்தவில்லை. வெட்டிய இலையை எடுத்து, தூளை இட்டு, உருட்டி, முனையை மடக்கி, நூல் சுற்றுகிற வேலையைப் பார்க்காமலேயே செய்வார்கள். கண் டிவியில், கை தட்டில். அவள் டிவிக்குப் பக்கத்தில், அவர்களைப் பார்த்தபடி, கால்குலேட்டர் அளவு நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

கை நின்ற இடங்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

எந்த நிமிடம், எந்த நொடி, யார் கை, எத்தனை பேர் கை. ஒன்பது பேர் கையும் ஒருசேர நின்ற இடம் 34 நிமிடத்தில் இரண்டே இரண்டு. எனக்குப் பிடித்திருந்த மெதுவோட்டக் காட்சி அதில் இல்லை. அந்த இடத்தில் ஒரு பாட்டி கெக்கலித்துச் சிரித்தாள்: “ஏட்டி, இம்புட்டு மெதுவாச் சுத்துனா கடைக்காரன் நாளைக்கு இல தருவானா?” சிரிப்பு அடங்க நேரமானது. இந்த வேலையின் முழு உண்மையும் வேகத்தில் இருக்கிறது. ஆயிரத்துக்குத்தான் கூலி, ஆயிரம் என்பது எண்ணிக்கை, எண்ணிக்கை என்பது விரலின் வேகம். அதைப் படத்தில் மெதுவாக்குவது வேலையை அழகாக்கிக் காட்டுவது, அதாவது கூலியை மறைப்பது. பெண்ணியத் திரைக் கோட்பாட்டை, லாரா மல்வி 1975இல் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்கி, பத்து வருஷமாக வகுப்பில் நடத்துகிறேன். ஆணின் பார்வை பெண்ணுடலைத் துண்டு துண்டாக்கிக் காட்சிப்பொருளாக்குகிறது என்று கரும்பலகையில் எழுதியவள்தான், உடம்பிலிருந்து வெட்டப்பட்ட பத்து விரல்களை இசையோடு பார்த்து உருகினேன். பாட்டிக்குக் கோட்பாடு வேண்டியிருக்கவில்லை.

கை நின்ற முதல் இடம் நான் கவனித்தே இராத இடம். திரையில் வெறும் தெரு. பின்னால் சத்தம் மட்டும்: கடையில் தரம் பார்க்கிறவர் பீடிகளைக் கிளறி, ஆகாதவை என்று பொறுக்கி ஒரு பக்கமாக வீசுகிற சத்தம். 11 நொடி. உள்ளே கேமரா விடமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வாசலில் நின்று ஒலியை மட்டும் எடுத்திருக்கிறாள். வேறொன்றும் கிடைக்காததால் போட்ட காட்சி. துறைத் தாள்களில் இரண்டு பேர் இந்த இடத்தை ‘தேவையற்றது, வெட்டலாம்’ என்று எழுதியிருந்தார்கள். தார்சாவிலோ அந்தச் சத்தம் கேட்டதும் ஒன்பது பேரும் உறைந்தார்கள். முடிந்த பிறகு ஒருத்தி கேட்டாள்: “கழிச்சுப் போட்ட பீடி எங்க போவுதுன்னு கேட்டியா? எங்களுக்குக் கூலி கிடையாது. பீடியவும் திருப்பித் தர மாட்டாவ. பெறவு அது எங்க போவுது?” இன்னொருத்தி சேர்த்தாள்: குறைகிற எண்ணிக்கையை ஈடுகட்டக் கைக்காசு போட்டு இலை வாங்குவதைப் படத்தில் ஏன் சொல்லவில்லை?

அவள் அம்மாவும் அந்த ஒன்பது பேரில் ஒருத்தி. மகள் ஏழு மாதம் கேமராவோடு வீட்டுக்குள் சுற்றியும் கேட்காத கேள்வி அது. கேட்காததற்குக் காரணம் சாதாரணமானது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கேட்கத் தோன்றாது.

பார்வையாளர் சொல்வதில் இரண்டு இழை உண்டு என்பதை நான் அன்றைக்குத்தான் பிரித்துப் பார்க்கக் கற்றேன். இங்கே என்னவோ உறுத்துகிறது என்பது ஒன்று. அதற்கு இதைச் செய் என்பது இன்னொன்று. முதலாவது அநேகமாக எப்போதும் உண்மை. இரண்டாவது அநேகமாகச் சொல்பவர் ஏற்கனவே பார்த்த படங்களிலிருந்து வருவது. மதிப்பீட்டாளருக்கும் படத்தில் என்னவோ குறைந்தது. குறைந்தது கடையும் கழிவும் கணக்கும். யார் எடுத்துக்கொள்கிறார் என்பது படத்தில் இல்லை, அதனால் பெண்களின் சிரிப்புக்கு அடியில் எதுவும் இல்லாததுபோல் இருந்தது. அவர் அந்த வெற்றிடத்தைச் சரியாகவே உணர்ந்தார். புல்லாங்குழலால் நிரப்பச் சொன்னார். அவள் குழலை எடுத்தாள். 11 நொடியைப் படத்தின் தொடக்கமாக்கினாள். உள்ளே படம்பிடிக்க முடியாத கடையைப் பெண்களே தார்சாவில் நடித்துக் காட்டினார்கள். சிரித்த அந்தப் பாட்டிதான் தரம் பார்ப்பவர். முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி வாங்குவது, முகர்ந்து பார்ப்பது, “இது என்ன பீடியா, சுருட்டா” என்பது, வீசுவது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இப்போது வேறு சிரிப்பு.

இப்படிச் செய்தவள் அவள் முதலாமவள் அல்ல. 1980இல் பெங்களூரில் தீபா தன்ராஜ், ஆபா பையா, நவ்ரோஸ் காண்ட்ராக்டர், மீரா ராவ் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய யுகாந்தர் குழு, புனேயின் வீட்டுவேலைப் பெண்களோடு ‘மோல்கரின்’, நிப்பாணியின் புகையிலைத் தொழிலாளர் பெண்களோடு ‘தம்பாகு சாகிலா ஊப் ஆலி’ எனப் படம் எடுத்தது. அந்தப் பெண்களோடு பேசிப் பேசி உருவானவை அவை. உழைக்கும் பெண்கள் கூடும் இடங்களுக்குக் கொண்டுபோய்க் காட்டவும் பட்டன. நிப்பாணி பீடிப் புகையிலைக்குப் பேர்போன ஊர். அங்கே சலித்த பெண்ணும் இங்கே சுற்றுகிற பெண்ணும் ஒரே பீடியின் இரண்டு முனைகள். நாற்பது வருஷத்துக்கு முன் எடுத்த அந்தப் படத்தை எங்கள் பாடத்திட்டத்தில் யாரும் இதுவரை சேர்க்கவில்லை. ஃபிளாஹர்ட்டி இருக்கிறார்.

பார்வையாளர் கருத்துக்கு எதிரான வழக்கையும் சொல்லிவிட வேண்டும். 1942இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தை ஸ்டூடியோ கலிபோர்னியாவின் பொமோனாவில் முன்னோட்டமாகக் காட்டியது. கருத்து அட்டைகள் பெரும்பாலும் மோசம். சில மட்டும் மிகவும் புகழ்ந்தன. வெல்ஸ் பிரேசிலில் இருந்தார். ஸ்டூடியோ 40 நிமிடத்துக்கும் மேல் வெட்டி, முடிவையும் வேறு எடுத்து ஒட்டியது. வெட்டிய பகுதி இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த அட்டையின் பேத்திதான் எங்கள் கருத்துத் தாள். அட்டை கேட்பது, காசு கொடுத்தவருக்குப் பிடித்ததா என்று. படத்தில் இருப்பவருக்கு அங்கே அட்டை கிடையாது.

படத்தில் இருப்பவரிடம் காட்டிக் கேட்ட மரபு வேறு. 1960 கோடையில் பாரிஸில் ழான் ரூஷும் எட்கார் மோரனும் எடுத்த ‘ஒரு கோடையின் வரலாறு’ படத்தின் இறுதியில், படத்தில் பேசியவர்களுக்கே படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். சிலருக்கு அது பொய்யாகப் படுகிறது, சிலருக்குக் கூச்சம் தருமளவு அந்தரங்கமாகப் படுகிறது. பிறகு இரண்டு இயக்குநர்களும் அருங்காட்சியகத்தில் முன்னும் பின்னும் நடந்தபடி தங்கள் படம் தோற்றதா என்று விவாதிக்கிறார்கள். மிக நேர்மையான காட்சி என்று எல்லோரும் கொண்டாடுவது. நானும் கொண்டாடியிருக்கிறேன். இப்போது பார்த்தால் ஒன்று உறுத்துகிறது: வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்த வேண்டாமும் படத்துக்குள் ஒரு காட்சியாகிவிடுகிறது. கத்தரி அவர்கள் இருவர் கையிலேயே இருக்கிறது. 1967இல் கனடாவின் ஃபோகோ தீவில் காலின் லோ மீனவ மக்களோடு எடுத்த குறும்படங்களில் நடந்தது வேறு. படமாக்கப்பட்டவர்கள் முதலில் பார்த்து ஒப்பிய பிறகே அது வெளியார் கண்ணுக்குப் போனது. எடுத்துவிடு என்றால் எடுத்துவிட வேண்டும். அவற்றைக் கலைப்படைப்பு என்று யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

எடுத்துவிடு என்ற சொல் எங்களுக்கும் வந்தது.

தார்சாவில் கை நின்ற இரண்டாவது இடம் ஒரு பெண்ணின் பேச்சு. ஒன்றரை நிமிடம். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன். ஊர் கேட்டிராத ஒன்றை, வேலையை நிறுத்தாமல், சாதாரணமாக, சற்றே சிரித்தபடி சொல்லிப் போகிறார். மதிப்பீட்டாளர் குறையே சொல்லாமல் புகழ்ந்த ஒரே இடம். என் தாளில் ‘வேறு கருத்துகள்’ கோட்டில் நான் எழுதியிருந்ததும் அதைப் பற்றித்தான். சமுதாயக்கூடத்தில் அவர் வாசலுக்கு வெளியே நின்றதால் தன் பகுதியைச் சரியாகக் கேட்டிருக்கவில்லை. தார்சாவில்தான் பார்த்தார். எல்லோர் கையும் நின்றது. அவர் கை மட்டும் வேகமாக ஓடியது. படம் முடிந்து தண்ணீர் குடிக்க அவள் உள்ளே போனபோது பின்னாலேயே போய், “அத எடுத்துரு தாயி” என்றார். அவ்வளவுதான்.

நான் வாதாடினேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே என்றேன். முகத்தை மங்கலாக்கலாம், குரலை மாற்றலாம் என்றேன். இந்த ஒன்றரை நிமிடம் எத்தனை பெண்களுக்குத் துணையாக இருக்கும் என்றேன். பெண்களின் மௌனத்தை உடைப்பது என்ற நம் வழக்கமான தொடரையும் சொன்னேன் என்றுதான் நினைவு.

“மேடம், எங்க ஊர்ல கையப் பாத்தே யார்னு சொல்லிருவாங்க” என்றாள்.

பிறகு கேட்டாள், “அந்தப் பெரியவர் நைட்டிய எடுக்கச் சொன்னப்ப எடுக்காதன்னீங்க. இதையும் எடுக்காதன்னு சொல்லுதீங்க. ரெண்டும் ஒண்ணா மேடம்?”

ஒன்றல்ல. அந்தப் பெரியவர் தன்னுடையதல்லாத உடம்புகளைப் பற்றிப் பேசினார். நைட்டியைப் பற்றிப் பெண்களும் தார்சாவில் பேசினார்கள்தான். “முன்னயே சொல்லியிருந்தா ஒரு துண்டப் போட்டிருப்பேம்லா” என்று ஒருத்தி. அவருடைய பகுதியை அவள் மறுபடி எடுத்தாள். “எனக்கென்ன, அப்படியே இருக்கட்டும்” என்றவர்களை அப்படியே விட்டாள். பெரியவர் சொன்னதற்காக எதையும் எடுக்கவில்லை. அதன் விளைவாக அவள் அப்பாவுக்கும் அவருக்கும் சில மாதம் பேச்சு இல்லாமல் போனது. படத்தில் ஒன்று இருப்பதால் மறுநாள் காலையில் யார் வீட்டில் என்ன நடக்கும் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அடி யார் மேல் விழுமோ அவர் சொல்வது கட்டளை, மற்றவர்கள் சொல்வது யோசனை. இதை எனக்கு விளக்கியது எந்தப் புத்தகமும் இல்லை.

என் இரண்டாவது தொகுப்பில் என் சித்தியைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. நல்ல கவிதை என்று பலரும் சொன்னார்கள், மொழிபெயர்ப்பிலும் போனது. அவள் என்னிடம் மட்டும் சொன்ன ஒன்று அதில் இருக்கிறது. புத்தகத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, “நல்லா இருக்கும்மா” என்றாள்.

ஒன்றரை நிமிடத்தை அவள் எடுத்தாள். எடுத்த இடத்தில் படம் நொண்டுகிறது, அதை மறைக்க முடியாது. முன்னால் வருகிற பேச்சு எதையோ நோக்கிப் போய், சட்டென்று ஒரு கோழி முற்றத்தைக் கடக்கிற காட்சியில் முடிகிறது. வேறு எதை வைத்துப் பார்த்தும் சரியாகவில்லை. இறுதி வெட்டு 27 நிமிடம். குழல் இல்லை. புள்ளிவிவரம் ஒன்றே ஒன்று, 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் பற்றி ஒரு வரி. அதையும் எழுத்தாகப் போடாமல் அவள் அம்மாவிடம் வாசிக்கக் கொடுத்திருந்தாள். அம்மா தட்டுத்தடுமாறி வாசித்து, “இது எப்ப போட்ட சட்டம்?” என்று கேட்கிறார். “நீ பொறக்கதுக்கு முந்தி” என்கிறது கேமராவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல்.

வாய்மொழித் தேர்வுக்கு அதே மதிப்பீட்டாளர் வந்தார். தார்சா நாடகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார், தொடக்கம் பிரமாதம் என்றார். பிறகு தாளைப் புரட்டிக்கொண்டே, “போன தடவை ஒரு அம்மா பேசினாங்களே, அது எங்கம்மா? படத்தோட உயிரே அதுதானே?” என்றார்.

“எடுத்துட்டேன் சார்.”

“ஏன்?”

“அவங்க கேட்டாங்க.”

அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு படத்தொகுப்பு என்ற கட்டத்தில் 3ஐ வட்டமிட்டார். அந்தக் கட்டத்தின் கணக்குப்படி அவர் செய்தது சரி. கீழே துணை வழிகாட்டி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

பட்டமளிப்புக்கு முந்தின வாரம் அவள் துறைக்கு வந்தாள். ஹார்டு டிஸ்கை அந்த வீட்டுக்கே கொண்டுபோய் அவர் கண்முன்னால் அந்தப் பதிவை அழித்ததைச் சொன்னாள். அவர் காப்பி போட்டுக் கொடுத்தாராம். “உங்க லேப்டாப்புல பழைய வெட்டு ரெண்டும் இருக்கும்லா மேடம்?” என்றாள். இருந்தது. அழித்துவிடுகிறேன் என்றேன். அன்று இரவு அழித்தேன். அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.